எத்தனை நாளைக்குத்தான் கொடுப்பது?

ஹெபடைட்டிஸ் சி ஒழிப்பைப் பற்றிய கருத்தரங்குகளில், ஊசிவழியாகப் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கு அளிக்கப்படும் புப்ரினார்ஃபின், மெத்தடோன் ஆகிய பராமரிப்பு மருந்துகள் பற்றிப் பேச்சு வந்தவுடன் அரங்கிலிருந்து ஒரு கேள்வி எழுவது வழக்கமாகிவிட்டது: “எத்தனை நாளைக்குத்தான் கொடுப்பது?” கேட்பவர் மருத்துவராக இருக்கலாம், சமூகப்பணித் துறைப் பேராசிரியராக இருக்கலாம், ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரியாகவும் இருக்கலாம். தொனி மட்டும் மாறுவதில்லை. அதில் ஐயத்தைவிடச் சலிப்பே மிகுதி. இதே மனிதர்கள் இன்சுலினைப் பற்றி இவ்வாறு கேட்பதில்லை. இரத்த அழுத்த மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் முடிவு நாள் கேட்பதில்லை. எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளை இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. அது வாழ்நாள் முழுமைக்குமான சிகிச்சை என்பதை அறிந்தேதான் வழங்குகிறது. நாள்தோறும் ஒரு மாத்திரையை நாவின் அடியில் வைத்துக் கரைத்துக்கொண்டு வேலைக்குச் செல்லும் ஒருவனிடம் மட்டுமே “போதும், எப்போது நிறுத்துவாய்?” என்று கேட்கப்படுகிறது.

இக்கேள்வியை மருத்துவக் கேள்வியாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஒழுக்கத் தீர்ப்பொன்று மருத்துவ அங்கி அணிந்து வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பு, இந்த நாடு பெருஞ்செலவில் நடத்திவரும் ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புத் திட்டத்தின் அடித்தளத்தையே அரித்துக்கொண்டிருக்கிறது என்பதே இங்குச் சொல்ல வேண்டியது.

வைரஸின் கதை பலரும் அறிந்ததே. 1989இல் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி இன்டர்ஃபெரான் ஊசியின் காலம்: ஓராண்டு வரை நீளும் சிகிச்சை, காய்ச்சல், மனச்சோர்வு, இரத்த அணுக்களின் வீழ்ச்சி, இவ்வளவுக்கும் பிறகு பாதி நோயாளிகளுக்கு ஏமாற்றம். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரைக்கு ஆயிரம் டாலர் என்று விலை வைக்கப்பட்டது. இந்தியாவில் காப்புரிமைக்கு எதிராக நோயாளர் அமைப்புகள் தொடுத்த எதிர்ப்பு மனுக்கள், 2014இல் இந்திய நிறுவனங்களுக்குக் கிடைத்த உற்பத்தி உரிமம், அவற்றுக்கிடையே மூண்ட விலைப்போட்டி ஆகியவற்றின் பயனாக அதே மருந்து சாதாரண மனிதருக்கு எட்டும் விலைக்கு இறங்கியது. 2016இல் பஞ்சாப் அரசு தன் மாவட்ட மருத்துவமனைகள் வழியாக இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நாடு முழுமைக்கும் அதை விரித்தது. சோஃபோஸ்புவிருடன் டாக்லட்டாஸ்விர், அல்லது கல்லீரல் இறுகிய நிலையில் வெல்பட்டாஸ்விர். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் போதும். பஞ்சாபில் சிகிச்சையை முடித்து, இறுதிச் சோதனைக்கும் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வைரஸ் நீங்கியிருந்தது. பெருநகர நிபுணர்களின் கையிலன்றி மாவட்ட மருத்துவமனையின் பொது மருத்துவர்கள் கையில் நிகழ்ந்த சாதனை இது. இதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் சோஃபோஸ்புவிர் தடுப்பூசி அன்று. ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு; சி வைரஸுக்கு இன்றுவரை இல்லை. குணமானவரின் உடலில் மறுதொற்றைத் தடுக்கும் முழு எதிர்ப்பாற்றல் உருவாவதுமில்லை. பன்னிரண்டாம் வாரத்தில் வைரஸ் அற்றுப்போன அதே மனிதர், இருபதாம் வாரத்தில் பகிர்ந்த ஊசியொன்றால் மீண்டும் அதை ஏற்க முடியும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த கணக்கீடு இதைத் தெளிவாகக் காட்டியது. அண்மைக் காலத்தில் போதைப்பொருள் பயன்படுத்தியவரிடையே மறுதொற்று ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. பராமரிப்புச் சிகிச்சையில் இருந்துகொண்டு போதைப்பொருளையும் நிறுத்தியவரிடையே ஒன்றரைக்கும் குறைவு. இரண்டாம் குழுவினர் ஏற்கெனவே நிலைபெற்றவர்கள், ஆகவே இந்த ஒப்பீடு முழுக்கச் சமமானதல்ல என்று முறையியல் கற்ற மாணவர் எவரும் சொல்லக்கூடும். சொல்லட்டும்; அது நியாயமான மறுப்பே. அதற்காகத்தான் 2017ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு இருக்கிறது. பராமரிப்புச் சிகிச்சையில் இருப்பது மட்டுமே ஹெபடைட்டிஸ் சி தொற்றும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்றும், தூய ஊசிகளைப் போதிய அளவில் வழங்குவதும் சேர்ந்தால் முக்கால் பங்கு குறைகிறது என்றும் அது காட்டியது. வைரஸ் ஒழிப்பு மருந்துகளுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பராமரிப்பு மருந்துக்கு முகம் சுளிக்கும் நிர்வாகம், யானையை வாங்கிக் கட்டிவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுகிறது.

எவ்வளவு பேரைப் பற்றிய பேச்சு இது? சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஊசிவழியாகப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 15 நகரங்களில் இத்தகையோர் 14,481 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் நூற்றுக்கு 37 பேரின் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி எதிர்ப்பொருள் இருந்தது. சென்னையில் வேர்கொண்ட ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்துக்கு அந்த ஆய்வில் பெரும்பங்கு உண்டு. எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டவர்களில் தமக்கு அந்நோய் இருப்பதை முன்பே அறிந்திருந்தவர் மிகச் சிலரே.

இனி, “பராமரிப்பு” என்ற சொல்லின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. போதைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவோர் அதைச் சற்றே நினைவுகூர்வது நல்லது. இன்டர்ஃபெரான் காலத்தில் ஹெபடைட்டிஸ் சி மருத்துவமே “பராமரிப்புச் சிகிச்சை” என்ற கருத்தை மிகுந்த ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டிருந்தது. முழுச் சிகிச்சையிலும் வைரஸ் நீங்காதவருக்குக் குறைந்த அளவு இன்டர்ஃபெரானை ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்தால் கல்லீரல் சிதைவு மெதுவாகும் என்பது நம்பிக்கை. அதைச் சோதிக்க அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆதரவில் ஹால்ட்-சி என்ற பெரும் ஆய்வு நடந்தது. 1,050 நோயாளிகள். பாதிப்பேருக்கு வாரம் ஓர் ஊசி வீதம் மூன்றரை ஆண்டு. முடிவு 2008இல் வந்தது: மருந்து பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 34 பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. வேறுபாடு ஏதுமில்லை. பின்னர் அதே நோயாளிகளை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மருந்து பெற்ற குழுவில் இறப்பு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது.

அந்த ஆய்வைச் செய்தவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஐயத்தைச் சோதனைக்கு உட்படுத்தி, கிடைத்த எதிர்மறை விடையை மறைக்காமல் வெளியிட்டார்கள். கவனிக்க வேண்டியது வேறு. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் காய்ச்சல் தரும் ஊசியைப் போட்டுக்கொள்ளும் திட்டத்தை எந்தக் கருத்தரங்கிலும் எவரும் “எத்தனை நாளைக்குத்தான்?” என்று சலித்துக்கொள்ளவில்லை. பயன் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இல்லையென்று தெரிந்ததும் கைவிட்டார்கள். முறை அதுதான். புப்ரினார்ஃபினுக்கும் மெத்தடோனுக்கும் அதே முறையைக் கையாண்டால் விடை நேர்மாறாக வருகிறது. பயன் உண்டு என்பதற்கு அறுபது ஆண்டுச் சான்று இருக்கிறது. சான்றில்லாத பராமரிப்பை மதிப்புடன் பரிசீலித்த அதே துறை, சான்றுள்ள பராமரிப்பை இகழ்கிறது. முதலாவது மருந்தின் பின்னால் பெருநிறுவனங்கள் நின்றன; இரண்டாவதற்கு அத்தகைய புரவலர் எவரும் இங்கில்லை என்பதும் காரணமாக இருக்கக்கூடும். 2018இல் கோல்ட்மேன் சாக்ஸ் ஆய்வறிக்கையொன்று, நோயாளிகளைக் குணப்படுத்துவது நீடிக்கத்தக்க வணிகமா என்ற கேள்வியை எழுப்பி, ஹெபடைட்டிஸ் சி மருந்தின் சரிந்த விற்பனையை எடுத்துக்காட்டியது. சந்தைக்குக் குணமும் பிடிக்கவில்லை. மலிவான பராமரிப்பும் பிடிக்கவில்லை.

“ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை” என்ற வாதத்துக்கு வருவோம். கேட்டவுடன் சரியென்று தோன்றுவதே இவ்வாதத்தின் வலிமை. ஹெராயின் ஊசி நொடிகளில் மூளையை எட்டுகிறது. சில மணி நேரத்தில் இறங்குகிறது. இறங்கும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, நடுக்கம். ஆகவே அதைப் பழகியவரின் ஒரு நாள் என்பது மூன்று நான்கு முறை ஏறி இறங்கும் நாள். அடுத்த ஊசிக்கான பணம், இடம், காவலரின் கண்ணில் படாமை ஆகிய மூன்றைச் சுற்றியே அந்த நாள் அமைகிறது. அவசரத்தில் கிடைத்த ஊசியைப் பகிர்வதும் அந்த நாளின் பகுதியே. வைரஸ் நுழையும் வாயில் அதுதான். புப்ரினார்ஃபின் மெதுவாக ஏறி நீண்ட நேரம் நிற்கிறது. மூளையின் அதே ஏற்பிகளில் அமர்ந்தாலும் பகுதியளவே அவற்றைத் தூண்டுகிறது; ஓரளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் விளைவு அதற்கேற்பக் கூடுவதில்லை. மேலும் அந்த ஏற்பிகளை அது இறுகப் பற்றிக்கொள்வதால், மேலே ஹெராயின் ஏற்றினாலும் அதன் விளைவு மழுங்கிவிடுகிறது. உடல் அம்மருந்தைச் சார்ந்திருக்கிறது என்பது உண்மை. சார்ந்திருப்பதும் அடிமைப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. முன்னதில் மனிதன் மருந்தை உண்டு வாழ்க்கையைப் பார்க்கிறான். பின்னதில் வாழ்க்கையையே மருந்து தின்றுவிடுகிறது. நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 22 நோயாளிகளைக் கொண்டு 1965இல் வெளியிட்ட முதல் கட்டுரையே, மெத்தடோன் பெற்றவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பியதைத்தான் முதன்மையாகப் பதிவு செய்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2005இல் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? அதற்கும் விடை தேடி அலைய வேண்டியதில்லை. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 11 பேர் அளவில் இருக்கும் இறப்பு, சிகிச்சைக்கு வெளியே இருக்கும் காலத்தில் 36 ஆகிறது. புப்ரினார்ஃபினிலும் வெளியேறிய காலத்து இறப்பு இருமடங்குக்கு மேல். நிறுத்திய முதல் நான்கு வாரமே மிகக் கொடியது. காரணம் எளிது: உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், கை மட்டும் பழைய அளவையே ஏற்றும். “முப்பது நாள் உள்ளே வைத்துச் சுத்தம் செய்து அனுப்பிவிட்டோம்” என்று பெருமையுடன் கணக்கெழுதும் மறுவாழ்வு இல்லங்கள், முப்பத்தொன்றாம் நாளையும் தம் கணக்கில் சேர்த்தால் அந்தப் பெருமை எவ்வளவு மிஞ்சும்?

நாடளவில் இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. பிரான்சு 1990களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவரும் புப்ரினார்ஃபின் எழுதித்தரலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது. 1995க்கும் 1999க்கும் இடையே அங்கு மிகையளவுப் போதை மரணங்கள் நூற்றுக்கு 79 வீதம் குறைந்தன. மறுமுனையில் கிரீமியா. அங்கே உக்ரைனிய ஆட்சியில் ஏறத்தாழ 800 பேர் பராமரிப்புச் சிகிச்சை பெற்று வந்தனர். 2014இல் ரஷ்யா அப்பகுதியை இணைத்துக்கொண்டதும், ரஷ்யச் சட்டப்படி சிகிச்சை ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. ஓராண்டுக்குள் அவர்களில் 80 முதல் 100 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கிழக்கு ஐரோப்பாவுக்கான ஐ.நா. எயிட்ஸ் தூதர் மிஷெல் கசாட்ச்கின் அறிவித்தார். “எத்தனை நாளைக்குத்தான்?” என்ற கேள்விக்கு ஓர் அரசு “இன்றோடு சரி” என்று விடையளித்தால் என்ன நேரும் என்பதை அங்கே காண முடிந்தது.

ஒழுக்கவாதிகளை மட்டும் குற்றஞ்சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. பல்கலைக்கழக அரங்குகளில் இன்னொரு மறுப்பு கேட்கிறது. அது முற்போக்கு மொழியில் பேசுவதால் ஆய்வு மாணவர்களை எளிதில் கவர்கிறது. பராமரிப்புச் சிகிச்சை என்பது உடல்மீது அரசு செலுத்தும் கட்டுப்பாடு; மெத்தடோன் என்பது “திரவ விலங்கு”; நாள்தோறும் வரிசையில் நிற்கவைத்து, சிறுநீர் பரிசோதித்து, கீழ்ப்படிந்தவனுக்கு மட்டும் மருந்தளித்து, அடங்கிய உடல்களை உருவாக்கும் கருவி என்பது அவர்கள் வாதம். அமெரிக்க மானுடவியலாளர் ஃபிலிப் பூர்ஷ்வா 2000இல் எழுதிய கட்டுரை இத்தகைய விமர்சனத்தின் செறிவான வடிவம். தெருவோரத்தில் ஹெராயின் பயன்படுத்துவோருடன் ஆண்டுக்கணக்கில் களப்பணி செய்து எழுதியவர் அவர். அவருடைய சினத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்க மெத்தடோன் மையங்கள் பலவற்றில் நோயாளி நடத்தப்படும் விதம் அவமதிப்பானதே.

ஆனால் அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு டெல்லியிலோ ஹைதராபாத்திலோ அரங்கேறுவோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, அவ்விமர்சனம் சரியாகக் குறிவைக்க வேண்டியது வழங்கும் முறையை, மூலக்கூறை அன்று. வரிசையை ஒழிக்க வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டு செல்லும் மருந்தை வலியுறுத்த வேண்டும். வரிசையைக் காரணம் காட்டி மருந்தையே சந்தேகிப்பது, ரேஷன் கடையில் கூட்டம் மிகுதி என்பதால் அரிசி வேண்டாம் என்பதைப் போன்றது. இரண்டாவது, மிகைச் சிகிச்சையின் ஒடுக்குமுறையை விவரிக்கும் கோட்பாட்டைச் சிகிச்சையே எட்டாத நிலத்தில் அப்படியே நட முடியாது. மணிப்பூரின் மலை மாவட்டத்தில், மருந்தகம் உள்ள ஊருக்குப் பேருந்தில் பாதி நாள் செல்ல வேண்டிய ஒருவரிடம் “அரசு உம் உடலைக் கண்காணிக்கிறது” என்று சொன்னால், எங்கே, எந்த அரசு என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். இக்கருத்தரங்கு விமர்சனமும் காவல்துறை அதிகாரியின் சலிப்பும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் ஒன்றே: இருவருக்கும் அந்த மருந்து நிறுத்தப்படுவதில் மறுப்பில்லை.

மணிப்பூரை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஊசிவழி எச்.ஐ.வி. பரவலின் கொடுமையை முதலில் கண்டது அந்த மாநிலமே; 1990களின் தொடக்கத்திலேயே இளைஞர்களை அள்ளிக்கொண்டு போயிற்று. ஹெராயின் கிடைக்காதபோது ஸ்பாஸ்மோ-ப்ராக்சிவான் என்ற வலிநிவாரணிக் குளிகையைக் கரைத்து ஏற்றிக் கைகால்களில் சீழ்ப்புண்ணோடு அலைந்தவர்கள் வடகிழக்கில் ஒரு தலைமுறை. அங்குதான், முதலில் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் பின்னர் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மூன்றாம் கட்டத் திட்டத்திலும், புப்ரினார்ஃபின் வேரூன்றியது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் கருவி என்ற பெயரில்தான் அது அரசின் வாயிலுக்குள் நுழைய முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போதைக்கு ஆட்பட்டவரின் உயிர் தனக்கென்று மதிக்கப்பட்டதால் வந்த மருந்தன்று. அவரிடமிருந்து “பொதுமக்களுக்கு” நோய் பரவிவிடக் கூடாது என்ற அச்சத்தால் வந்த மருந்து. அச்சம் தணிந்ததும் “எத்தனை நாளைக்கு?” என்ற கேள்வி தலைதூக்குவதன் வேர் இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது.

பஞ்சாபின் நிலை வேறு. 2017-18 காலத்தில் அம்மாநிலம் வெளிநோயாளர் மையங்கள் வழியாகப் புப்ரினார்ஃபினும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரையைப் பெருமளவில் வழங்கத் தொடங்கியது. அளவில் இந்தியாவின் வேறெந்த மாநிலமும் அதற்கு ஈடில்லை. அங்கு எழுந்த எதிர்ப்பும் பெரிது: மாத்திரைகள் கள்ளச்சந்தைக்குப் போகின்றன, தனியார் மையங்கள் விற்றுக் காசாக்குகின்றன. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு; மறைப்பதால் பயனில்லை. ஆனால் கள்ளச்சந்தையில் அந்த மாத்திரையை வாங்குபவர் யார் என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. ஹெராயின் கிடைக்காத நாளின் உடல்வலியைத் தாங்க முடியாமல், பதிவுசெய்யப்பட்ட மையத்துக்குப் போகவும் முடியாமல் இருப்பவர்தான் பெரும்பாலும் அதை நாடுகிறார். மையத்துக்குப் போனால் பெயர் பதிவாகும். பெயர் பதிவானால் காவல் நிலையத்துக்குத் தெரியும், மகளின் திருமணப் பேச்சு நிற்கும், ஓட்டுநர் வேலை போகும் என்ற அச்சம். கதவைக் குறுக்கினால் கள்ளச்சந்தை பெருகும். இதை எந்த ரேஷன் பொருளின் வரலாற்றிலும் காணலாம். 2020இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது, வேறு வழியின்றி, வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்ப அனுமதி தரப்பட்டது. அதுவரை ஆகாது என்று சொல்லப்பட்டது ஒரே வாரத்தில் ஆயிற்று. செங்கல் சூளைத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் அரைநாள் கூலியை இழக்காமல் மருந்து உண்ண முடிந்தது.

பஞ்சாபின் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் எல்லாரும் போதை ஊசியால் நோயுற்றவர்கள் என்ற எண்ணமும் தவறு. கிராமங்களில் எதற்கெடுத்தாலும் ஊசி போடும் பட்டமில்லா மருத்துவர்கள், கொதிக்கவைக்காத பல் மருத்துவக் கருவிகள், டயாலிசிஸ் கூடங்கள், முறையான சோதனை கட்டாயமாவதற்கு முன் ஏற்றப்பட்ட இரத்தம் என்று வழிகள் பல. தலசீமியாக் குழந்தைகளும் இரத்தம் உறையாமை நோயாளிகளும் இந்த வைரஸைச் சுமந்திருக்கிறார்கள். இங்கிருந்துதான் “குற்றமற்ற நோயாளி”, “தானே வரவழைத்துக்கொண்ட நோயாளி” என்ற பிரிவினை பிறக்கிறது. வைரஸுக்கு இந்தப் பிரிவினை தெரியாது என்பதை ஏட்டளவில் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும், “முதலில் ஆறு மாதம் போதையை நிறுத்திவிட்டு வா, பிறகு கல்லீரலுக்கு மருந்து தருகிறோம்” என்று சொல்லும் வெளிநோயாளர் அறைகள் மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் இதையே அரசுக் காப்பீட்டின் நிபந்தனையாக எழுதி வைத்திருந்தன. வழக்குகளும் சான்றுகளும் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடச் செய்தன. சான்று தெளிவானது. 2018இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், அண்மையில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையேயும் நூற்றுக்கு 94 பேருக்கு வைரஸ் நீங்கியது. போதையை விடாதவன் மாத்திரையை ஒழுங்காக உண்ண மாட்டான் என்ற முன்முடிவு அங்கே பொய்த்தது.

நிர்வாகமும் இந்தப் பிரிவினையைத் தன் அறைகளுக்குள் வரைந்து வைத்திருக்கிறது. வைரஸுக்கு மருந்து தருவது நலவாழ்வு அமைச்சகத்தின் ஒரு திட்டம். புப்ரினார்ஃபின் தருவது அதே அமைச்சகத்தின் எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. மறுவாழ்வு இல்லங்களுக்கு நிதி தருவது சமூகநீதி அமைச்சகம். இதே மனிதரைக் கைது செய்வது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம். 2020இல் தொடங்கிய நஷா முக்த் பாரத் இயக்கத்தின் பெயரே “போதையற்ற இந்தியா”. பத்தாண்டாகப் புப்ரினார்ஃபின் உண்டு, வைரஸ் நீங்கி, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒருவர் அந்தப் பெயருக்குள் அடங்குகிறாரா, வெளியே நிற்கிறாரா? மருந்தை முற்றிலும் நிறுத்தியவரே வெற்றி என்று எண்ணும் படிவத்தில் அவர் இன்னும் “போதையில் இருப்பவர்”. முந்தைய மாதம் மருந்தை நிறுத்தி இந்த மாதம் பேருந்து நிலையக் கழிவறையில் இறந்துகிடப்பவரோ, அதே படிவத்தில் போன மாதத்தின் வெற்றி.

நீண்டகாலக் கவனிப்பு போதை மருந்தோடு முடிவதுமில்லை. கல்லீரல் ஏற்கெனவே இறுகிவிட்ட நிலையில் வைரஸ் நீங்கினாலும் புற்றுநோய் அபாயம் முற்றிலும் அகல்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் சோதனை தேவை. மதுவையும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் பற்றிப் பேச வேண்டும். மறுதொற்றுக்கான வைரஸ் சோதனையை ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் சோதனை குணமானவரிடமும் நேர்மறையாகவே காட்டும் என்பதால் அது இதற்குப் பயன்படாது. இவ்வளவுக்கும் அந்த மனிதரை எங்கே தேடிப் பிடிப்பது? பெரிய மருத்துவமனையின் கல்லீரல் துறை அட்டையில் எழுதிய தேதிக்கு அவர் வருவார் என்று நம்பலாம். வராதபோது “தொடர்பறுந்தவர்” என்று எழுதிக்கொள்ளலாம். அல்லது, அவர் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் தவறாமல் வரும் ஒரே இடமான புப்ரினார்ஃபின் சாளரத்திலேயே இரத்தம் எடுத்து, அங்கேயே பன்னிரண்டு வார மாத்திரையையும் கொடுத்து, சோதனை நாளையும் அங்கேயே நினைவூட்டலாம். உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைப்பது இதைத்தான். பராமரிப்பை முடித்து வெளியே தள்ளும் நாளில், கல்லீரல் மருத்துவமும் அவரை இழக்கிறது.

திகார் சிறையில் 2008இல் இம்மருந்து தொடங்கப்பட்டபோது தெற்காசியாவில் அதுவே முதல் முயற்சி. சிறைகள் ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புக்கு உகந்த இடமென்று இப்போது பலரும் எழுதுகிறார்கள்: ஆட்கள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், பன்னிரண்டு வாரம் எளிதில் முடியும். முடியட்டும். ஆனால் விடுதலையாகும் நாள்தான் மிகையளவு மரணத்துக்கு மிக அருகிலிருக்கும் நாள் என்பதும், பழைய ஊசிக்கூட்டத்துக்குத் திரும்பும் நாள் என்பதும் அந்தக் கட்டுரைகளில் ஒரு வரிக்கு மேல் பெறுவதில்லை. சிறைக்குள் புப்ரினார்ஃபினைத் தொடங்கி, வெளியே எந்த மையத்தில், எந்தச் செவிலியரிடம் மறுநாள் காலை மருந்து கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்து, குறைந்தது இரு வார மருந்தையும் நலாக்சோனையும் கையில் தந்து அனுப்பினால்தான் உள்ளே செலவிட்ட பன்னிரண்டு வாரத்துக்குப் பொருள் உண்டு. வீட்டுக்கு மருந்து தருவதை ஊரடங்குக் காலச் சலுகை என்ற நிலையிலிருந்து விதியாக மாற்றுவது, பராமரிப்பின் கால அளவை நோயாளியும் மருத்துவரும் மட்டுமே முடிவு செய்வது, மையத்தின் பதிவேட்டைக் காவல்துறை தொடக் கூடாது என்று சட்டத்தால் உறுதி செய்வது, சி வைரஸ் சிகிச்சையைப் புப்ரினார்ஃபின் மையங்களுக்கே கொண்டு வருவது: இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. 2030க்குள் ஹெபடைட்டிஸ் சி ஒழிப்பு என்று இந்தியா ஒப்புக்கொண்ட இலக்குக்கு எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே, அடுத்த கருத்தரங்கில் “எத்தனை நாளைக்குத்தான்?” என்று எழுபவரிடம், எந்தச் சான்றின்மேல் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கும் ஒரு மாணவராவது அரங்கில் இருக்க வேண்டும்.